வாய்ச்சொல்லில் பிரிந்த மாடி

 

“கீழே கடை ஆண்மக்களுக்கு, மேலே வீடு பெண்மகளுக்கு.” நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ வாப்பாமார்கள் தங்கள் வாழ்நாள் சம்பாத்தியத்தை இந்த ஒரே வாக்கியத்தில் பங்கிட்டு முடித்துவிடுகிறார்கள். சொன்னவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வாக்கியம் சுவரைப் போல நிற்கிறது. அவருடைய ஜனாஸா வீட்டு வாசலைக் கடந்த சில மாதங்களுக்குள் அது ஈரமண்ணாய்ச் சரிகிறது. சரிவது கட்டடமாக இருந்தால் கொத்தனாரை அழைக்கலாம். சரிவது உடன்பிறப்பு அல்லவா?

பாகம் கணக்கிட்டுத் தரும்படி எம்மிடம் வருவோரில் அண்மையில் வந்த ஒரு குடும்பத்தை இங்கே குறிப்பிடுகிறோம். பெயரும் தெருவும் வேண்டாம். ஊருக்கு ஊர் இதே கதைதான். கடைத்தெருவில் சிறு மனை. கீழே இரண்டு கடைகள், மேலே ஒரு வீடு. மகளின் நிக்காஹ் பேசிய நாளில், பெரியவர்கள் நால்வர் முன்னிலையில், “மாடி வீடு என் மகளுக்கு” என்று வாப்பா சொன்னார். அந்த மகள் பத்தொன்பது ஆண்டுகளாக அங்கேதான் குடியிருக்கிறார். வாப்பாவும் உம்மாவும் அவரோடேயே இருந்தார்கள். வீட்டின் முன்னறையை ஒருவருக்கு வாடகைக்கு விட்டு, அந்த வாடகையை வாப்பாவே வாங்கிவந்தார். பட்டாவும் வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பு அட்டையும் அவர் பெயரிலேயே இருந்தன. எழுத்து என்று ஒரு வரியும் இல்லை.

வாப்பா மவ்த்தான பிறகு மூத்த மகனுக்குக் கடன் நெருக்கியது. கட்டடத்தை வாங்க வந்தவர், “மாடியோடு சேர்த்து முழுவதும் வேண்டும், மாடிப்படி கடையின் ஓரமாக அல்லவா ஏறுகிறது?” என்றார். மகன் எம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: “ஷரீஅத் சட்டப்படி அந்த மாடி என் தங்கச்சிக்குச் சொந்தமா, வாப்பாவின் மய்யித்துச் சொத்தா?” சாட்சியாக அமர்ந்திருந்த நால்வரில் இருவர் கப்ரில், ஒருவருக்கு நினைவு தவறிவிட்டது, நான்காமவர், “வீடு தருவதாகச் சொன்னார், தந்துவிட்டதாகச் சொன்னாரா என்பது ஞாபகமில்லை” என்கிறார்.

இதில் பொய்யர் எவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மகன் பேராசைக்காரன் அல்லன். மகள் அபகரிப்பவள் அல்லள். ஒரு தகப்பன் ஒரு நாள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் போனார். அந்த வேலையை இப்போது அவர் பிள்ளைகளின் பகைமை செய்துகொண்டிருக்கிறது.

நாற்பதில் ஏழு

மாடி ஹிபாவாக நிறைவேறவில்லை என்று முடிவானால் கணக்கு என்ன? மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. சொத்து முழுவதையும் நாற்பது பங்காக்கினால் உம்மாவுக்கு 5, மகன்களுக்கு 14, 14, மகளுக்கு 7. பத்தொன்பது ஆண்டுகள் தன் வீடு என்று எண்ணிப் பெருக்கி மெழுகி வாழ்ந்த பெண்ணுக்கு, அந்த வீட்டிலும் கீழே உள்ள கடையிலும் நாற்பதில் ஏழு.

வழக்காடினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, ஒரு சொத்தைப் பங்கு வைத்துப் பிரிப்பது நியாயமாக இயலாது என்றால், பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்கும்போது, நீதிமன்றம் அதை விற்றுப் பணத்தைப் பங்கிட உத்தரவிடலாம். நாற்பதில் இருபத்தெட்டு மகன்களிடம் இருக்கிறது. மற்றப் பங்குதாரர் மதிப்பீட்டு விலை கொடுத்து அவர்களுடைய பங்கை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைச் சட்டம் தருகிறது. ஆனால், கடைத்தெரு விலையை எண்ணி வைக்கும் பணம் எந்த மகளிடம் இருக்கிறது?

நம் ஊர் வழக்கம், நம் ஊர் நெருக்கடி

காயல்பட்டினம் முதலான நம் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். அவ்வழக்கின் நன்மை தீமைகள் இங்கே நம் பேச்சன்று. முற்காலத்தில் மனை இருந்தது. மகளுக்கென்று தனி வீடு எழுந்தது. இன்று தெருவில் இடமில்லை. ஆகவே வீடு கடையின் தலைமேல் எழுகிறது. தனி மனையில் நிற்கும் வீட்டுக்கு அதன் சுவரே எல்லை சொல்லும். கடைக்கு மேல் நிற்கும் வீட்டுக்கு எழுத்தைத் தவிர எதுவும் எல்லை சொல்லாது.

இதைச் சொன்னால் நம்மவர்கள் நான்கு மறுப்புகளை எடுத்து வைக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மறுப்பு: “பெற்ற பிள்ளைகளுக்குள் பத்திரமா? அது நம்பிக்கையின்மை அல்லவா?”

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மத்ரஸாவின் சிறு பிள்ளையும் சொல்லும்: சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது தவணைக் கடனைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளச் சலிப்படைய வேண்டாம் என்று அது ஈமான் கொண்டவர்களை நோக்கியே பேசுகிறது. எழுதுவது நம்பிக்கையின்மை என்றால் அந்தக் கட்டளை நம்பிக்கையாளர்களுக்கு ஏன் வந்தது? தவணை முடிந்தால் தீர்ந்துபோகும் கடனுக்கே எழுத்து வேண்டும். தலைமுறை தலைமுறையாக நிற்கும் வீட்டுக்கு வேண்டாமா?

இன்னும் ஒன்று. அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு, ஃகாபா என்னும் இடத்திலிருந்த தம் தோட்டத்திலிருந்து இருபது வஸக் பேரீச்சம்பழத்தை அன்பளிப்பாக அறிவித்திருந்தார்கள். ஆயிஷா நாயகி அதைக் கைப்பற்றிக்கொள்ளவில்லை. மரணப் படுக்கையில் அபூபக்ர் (ரலி) அவர்கள், நீ அதை எடுத்துக்கொண்டிருந்தால் உனக்காகியிருக்கும், இன்று அது வாரிசுகளின் சொத்து என்று மகளிடம் சொன்ன செய்தி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. சொன்னவர் யார்? சித்தீக். கேட்டவர் யார்? சித்தீக்கா. அந்த வீட்டிலேயே வாய்ச்சொல் போதவில்லை. நம் வீட்டில் மட்டும் போதும் என்கிறோம்!

இரண்டாம் மறுப்பு: “வாய்மொழி ஹிபா செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே!”

சொன்னது உண்மைதான். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, அசையாச் சொத்தைத் தானம் செய்யப் பதிவு கட்டாயம் என்கிறது. 129ஆம் பிரிவு முஸ்லிம்களின் ஹிபாவுக்கு விலக்கு அளிக்கிறது. ஹஃபீஸா பீபி எதிர் ஷேக் ஃபரீத் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் அவ்வழக்கின் மறுபக்கத்தை மேடைகளில் எவரும் சொல்வதில்லை. அந்த ஹிபா எழுதப்பட்டது 1968இல். அது செல்லும் என்று இறுதியாகத் தீர்ந்தது 2011இல். இடையில் நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அந்தக் குடும்பத்தின் கையில் பதிவு செய்யாத ஓர் எழுத்தாவது இருந்தது. எழுத்தே இல்லாதவர் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பார்?

செல்லுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, கைவசப்படுத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும் என்பதில் நீதிமன்றமும் நம் ஃபிக்ஹும் ஒன்றுபடுகின்றன. மூன்றாவதான கப்ளுதான் மாடி வீட்டில் தடுமாறுகிறது. வாப்பா அதே வீட்டில் இருந்தார். அவரே வாடகை வாங்கினார். வரியும் அவர் பெயரில். இதில் கைமாறியது எது? நம் கடற்கரையின் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், கைவசமாகும் முன் கொடுத்தவர் மரணித்தால் வாரிசுகள் அவர் இடத்தில் நிற்கிறார்கள்; கொடுப்பதும் கொடாததும் அவர்கள் விருப்பம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஓதிய எவரும் இதை அறிவர். அதாவது, தகப்பன் கொடுத்ததாக நினைத்த வீட்டை, மகள் தன் சகோதரர்களிடம் கேட்டுப் பெற வேண்டிய நிலை.

மூன்றாம் மறுப்பு: “உயில் எழுதி வைத்திருக்கிறேன், அது போதும்.”

இது எல்லாவற்றிலும் ஆபத்தான ஆறுதல். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நாம் அறிந்த விதி. மற்ற வாரிசுகள் அவருடைய மரணத்திற்குப் பின் மனமுவந்து இசைந்தாலன்றி, மகளுக்கு மாடியை எழுதிய உயில் வெறும் காகிதம். நம் நாட்டு நீதிமன்றங்களும் சுன்னி முஸ்லிம்களுக்கு இவ்விதியையே நடைமுறைப்படுத்துகின்றன. கொடுப்பதானால் உயிரோடிருக்கும்போதே கொடுங்கள்.

நான்காம் மறுப்பு: “செலவு.”

பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு, வெளியாருக்கு விற்கும் கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைந்த முத்திரைத்தீர்வையையே தமிழ்நாட்டில் வாங்குகிறார்கள். அதற்கும் உச்சவரம்பு உண்டு. வலீமாவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அள்ளிக் கொடுக்கும் கை, மகளின் கூரைக்கு முத்திரைத்தாள் வாங்க நடுங்குவது ஏன்?

மாடியை எப்படிப் பிரிப்பது?

பத்திரம் எழுதத் துணிந்தவர்களும் பாதியில் தவறுகிறார்கள். “மேற்படி கட்டடத்தின் மாடி” என்ற மூன்று சொற்களோடு நிறுத்திவிடுகிறார்கள். மனைக்கு நான்கெல்லை போதும். மாடிக்கு ஆறெல்லை வேண்டும்: நான்கு திசை, மேல், கீழ். கீழெல்லை எது? கடையின் கூரையாகவும் வீட்டின் தரையாகவும் இருக்கும் அந்த ஒரே தளம் யாருடையது? மேலெல்லை எது? மொட்டைமாடி யாருக்கு? நாளை அதன்மேல் இன்னொரு மாடி எழுப்பும் உரிமை யாருக்கு?

எல்லாவற்றுக்கும் முன்னதாக நிலம். மாடியைக் கொடுத்து, அதற்குரிய மனையில் பிரிபடாத பங்கைக் கொடுக்காவிட்டால், கட்டடம் இடிந்த அன்று மகள் ஆகாயத்தில் பங்கு கேட்க வேண்டியதுதான். மனையைக் கூறு போடாமல் பொதுப்பங்காக ஹிபா செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் செல்லும். ஹனஃபீ மத்ஹபினர், பிரித்துப் பயன்படுத்தக்கூடிய சொத்தில் இதற்குத் தடை சொல்வதால், தங்கள் ஆலிமிடம் கேட்டு எழுதட்டும்.

பிறகு மாடிப்படி; கடை வழியாக ஏறினால் அந்த வழியுரிமை. தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கழிவுநீர்த் தொட்டி, அதைத் திறந்து சுத்தம் செய்யக் கடைக்குள் நுழையும் உரிமை. கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி மின் மீட்டர், தனித்தனி வரிவிதிப்பு எண். நம் கடற்காற்று கம்பியைத் தின்றுவிடுகிறது; கூரைக் காரை பெயர்ந்து விழாத பழைய கட்டடம் நம் ஊர்களில் அரிது. அதைப் பழுதுபார்க்கும் செலவை மேலிருப்பவர் எவ்வளவு, கீழிருப்பவர் எவ்வளவு ஏற்பது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

இவை வக்கீல்களின் குசும்பு என்று சிலர் நகைக்கக்கூடும். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் ஹனஃபீ ஃபிக்ஹின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டநூலை எடுத்துப் பாருங்கள். மேல்தளம் ஒருவருக்கும் கீழ்த்தளம் மற்றொருவருக்கும் உரியதானால், மேலவருக்குக் கீழ்த்தளத்தின்மேல் நிலைகொள்ளும் உரிமையும், கீழவருக்கு மேல்தளத்தால் வெயில் மழையிலிருந்து காக்கப்படும் உரிமையும் உண்டென்றும், ஒருவர் மற்றவருக்குக் கேடு தரும் எதையும் அவர் அனுமதியின்றிச் செய்யலாகாதென்றும் அது விதிக்கிறது. நம் முன்னோர் மாடியையும் கடையையும் பற்றி இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்திருக்கிறார்கள். சிந்திக்க மறுப்பது நாம்தான்.

ஒரு கப்பல், இரு தளங்கள்

துறைமுகத்தையும் தோணியையும் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு நபிமொழியை விளக்க வேண்டியதில்லை. ஒரு கப்பலில் சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்தையும் சிலர் கீழ்த்தளத்தையும் பெற்றார்கள். தண்ணீருக்காக மேலே போய்வந்து தொல்லை தருவானேன் என்று கீழிருந்தோர் தங்கள் பகுதியில் ஓர் ஓட்டை போட எண்ணினார்கள். மேலிருப்பவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரீயில் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்கள் பங்கில்தான் ஓட்டை போடுகிறோம் என்றே நினைத்தார்கள். அதுதான் ஆபத்து.

2023 டிசம்பரில் நம் மாவட்டம் இதைக் கண்ணால் கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது கீழிருந்தவர்களுக்கு மாடிகளே கரையாயின. பல வீடுகளில் அலமாரிப் பத்திரங்களும் நனைந்து கூழாயின. பதிவு செய்திருந்தவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பெறலாம். வாய்ச்சொல்லுக்கு எந்த அலுவலகத்தில் நகல் கேட்பது?

அதே நுஃமான் (ரலி) அவர்களின் மற்றொரு செய்தியையும் தகப்பன்மார்கள் மறக்க வேண்டாம். அவருடைய தந்தை அவருக்கு ஓர் அன்பளிப்புக் கொடுத்து, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். உம் பிள்ளைகள் அனைவருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்தார்கள். ஆகவே மகளுக்கு மாடி எழுதும்போதே, அதற்கு ஈடாக மகன்களுக்கு என்ன என்பதையும் எழுதுங்கள். மகள் பெற்ற வீடு மகன்களின் நெஞ்சில் முள்ளாகவும், மகன்கள் பெற்ற கடை மகளின் நெஞ்சில் முள்ளாகவும் இருக்கக் கூடாது.

சகோதரர்களுக்கும் ஒரு சொல். பத்திரம் இல்லாததால் மாடி பொதுச் சொத்து என்று வாதிடுகிறீர்களே, அப்படியானால் கடையும் பொதுச் சொத்துத்தான். வாப்பா மவ்த்தான நாள் முதல் வாங்கிய கடை வாடகையில் நாற்பதில் ஏழு தங்கைக்கும், ஐந்து உம்மாவுக்கும் உரியவை. அதை எண்ணிக் கொடுத்துவிட்டு மாடியைப் பற்றிப் பேச வாருங்கள்.

கொட்டுக்குள் பிரித்தவர்கள்

நம் கடலின் முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். 1961க்குப் பின் தூத்துக்குடியில் அது நடைபெறவில்லை என்றாலும், பெரியவர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. கரைக்கு வந்த சிப்பி, கொட்டு என்னும் அடைப்புக்குள்ளேயே குவியலாகப் பங்கு வைக்கப்பட்டது. அரசின் பங்கு இன்னது, குளித்தவர் பங்கு இன்னது என்று பிரிந்த பிறகே வெளியேறியது. எந்தச் சிப்பியில் முத்து, எதில் வெறும் சதை என்று ஒருவருக்கும் தெரியாத நேரத்தில் பிரித்தார்கள். அதனால்தான் அப்பங்கு சண்டையின்றி நின்றது. நாமோ, இடத்தின் விலை தெரிந்து, வாங்குபவர் வாசலில் நின்ற பிறகு பங்கு பிரிக்கிறோம்.

எனவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இதுதான். நிக்காஹ் பேச்சில் “பெண்ணுக்கு வீடு” என்று ஒருவர் சொன்னால், “பத்திரம் எப்போது?” என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. கேளாமல் சாட்சியாக அமர்வதுதான் அமானிதத்தில் குறைவு. ஏற்கெனவே வாய்ச்சொல்லில் வாழ்ந்துகொண்டிருக்கும் குடும்பங்களில் வாப்பா உயிரோடிருந்தால் இந்த மாதமே செட்டில்மென்ட் எழுதட்டும்; எழுதிய அன்றே வரியையும் மின் இணைப்பையும் மகள் பெயருக்கு மாற்றட்டும்; வாடகை வந்தால் அவளே வாங்கட்டும். அதுதான் கப்ளு. வாப்பா போய்விட்டிருந்தால், வாரிசுகள் அனைவரும் அமர்ந்து, மாடியை ஒருவருக்கும் கடையை மற்றவருக்கும் ஒதுக்கி, மதிப்பில் வரும் கூடுதல் குறைவைப் பணமாக ஈடுசெய்து, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யட்டும். மனம் ஒப்பி விட்டுக்கொடுப்பவருக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் அதைத் தங்கையின் மௌனத்திலிருந்து பிடுங்காதீர்கள்.

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தின் பாகம் இதை எழுதும் நாள்வரை முடியவில்லை. நாம் அந்த மாடிக்குச் சென்றிருந்தபோது, நாற்பதில் ஐந்துக்கு உரியவரான உம்மா திரைக்குப் பின்னிருந்து ஒன்று சொன்னார்: “அவங்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்துலதான் கடை இருந்துச்சு, ஹஜ்ரத். ஒரு நாள் கடையை அடைச்சுட்டுப் போயிருந்தா முடிஞ்சிருக்கும்.”

அந்த ஒரு நாள் உங்களில் பலருக்கு இன்னும் மீதமிருக்கிறது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளிடையே நீதியாக நடக்கவும், அந்நீதியை எழுத்தில் விட்டுச்செல்லவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.